ஷாக் அடிக்காத ஃபிரிட்ஜ்

வாங்க தம்பி. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க. கோவிச்சுக்கிடாதீங்க, எங்க வீட்டு வழக்கம் அப்படி. அதுவும் அடுப்படிக்குள்ள செருப்பு வந்தா எனக்கு ஆகவே ஆகாது. பாத்து வாங்க, இப்பத்தான் துடைச்சு விட்டேன், ஈரம் காயலை. என் கால்ல இருக்குறதைப் பாக்குறீங்களா? இது செருப்புக் கணக்குல வராது. டாக்டர் செருப்பு. குதிகால் வலின்னு போனேன், வெறும் தரையில காலை ஊனவே கூடாது, வீட்டுக்குள்ளயும் இதைப் போட்டுத்தான் நடக்கணும்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாரு. மூணு வருசமா தூங்குற நேரம், குளிக்கிற நேரம் தவிர கழட்டுனதில்ல. தெருப்பக்கம் போட்டுட்டுப் போனதும் இல்ல. மாத்திரை மாதிரி இதுவும் ஒரு மருந்து, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் அந்தா நிக்குது. பொறுங்க, பொறுங்க, உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீங்க. முதல்ல விசயத்தைக் கேளுங்க. நான் உங்களை ரிப்பேர் பாக்கக் கூப்பிடலை. ரிப்பேரே இல்லைன்னு எழுதிக் குடுக்கத்தான் கூப்பிட்டேன். கடை சீல் எடுத்துட்டு வரச் சொன்னேனே, வச்சிருக்கீங்கல்ல? அது போதும். வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வச்சிருக்கேன்.

என்ன திருதிருன்னு முழிக்குறீங்க? வெளக்கமாச் சொல்றேன். என் மருமக வினோதினி, சாத்தூர்க்காரி, கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுல போய் உக்காந்து இன்னையோட இருபத்திரெண்டு நாள். என் பேரன் இனியனையும் தூக்கிட்டுப் போயிட்டா. பதினோரு மாசப் பிள்ளை. என்ன காரணம்னு கேளுங்க. இந்த ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்குதாம். எட்டு மாசமா அடிக்குதாம். நான் அதைக் கண்டுக்கிடவே இல்லையாம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அவ அப்பா, தாய்மாமன், எங்க பக்கத்துப் பெரியவுக ரெண்டு பேரு, எல்லாரும் இந்த ஹால்ல உக்காந்து பேசப் போறாக. என் மகன் ஜெகன் ஏற்கெனவே சொல்லிட்டான், அவ பக்கம் நியாயம் இருந்துச்சுன்னா சிவகாசியில வீடு பாத்து அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன்னு. வேலை அங்கதான, அவனுக்கு அது சாக்காப் போச்சு. அப்படிப் போனா இந்த வீட்டுல நானும் இந்த ஃபிரிட்ஜும்தான். அதனால எனக்கு உங்க தாள் வேணும். "ஃபிரிட்ஜ் நல்லா இருக்கு, ஷாக் அடிக்கலை." ரெண்டே வரி. கீழ சீல்.

இருங்க, டீயைக் குடிங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க.

இந்த ஃபிரிட்ஜ் அவளுக்கு சீரா வந்தது. நான் கேக்கலை. அவுக அப்பா, "எங்க பிள்ளைக்கு நாங்க செய்யுறோம்"னு வண்டியில ஏத்தி அனுப்பிட்டாரு. ஒத்தைக் கதவு. எங்க ஜெகன் படிச்ச படிப்புக்கு ரெட்டைக் கதவு வைக்கக் கூடாதா? நான் ஒரு வார்த்தை கேக்கலை தம்பி. சொந்தக்காரங்க நாலு பேருகிட்ட சொன்னதோட சரி. அப்ப எங்க வீட்டுல ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு ஃபிரிட்ஜை வச்சுக்கிட்டு என்ன, ஐஸ் கம்பெனியா நடத்தப் போறோம்? அதான் மாடிப்படிக்கு அடியில போட்டு வச்சோம்.

ஆமா, படுக்க வச்சுத்தான். அங்க நிக்க வச்சா தலை இடிக்குமே. அவ அன்னைக்கே மூக்கை நுழைச்சா. "அத்தை, படுக்க வைக்கக் கூடாது, கதவைக் கொஞ்சம் தொறந்து வைக்கணும், பின்பக்கம் எலி போகாமப் பாத்துக்கணும்"னா. வந்து மூணு நாள் ஆகலை. பி.எஸ்சி பிசிக்ஸாம். அது ஒரு தடவை சொல்லியிருந்தாப் பரவாயில்லை, வீட்டுல எதைத் தொட்டாலும் ஒரு பாடம் நடத்துவா. நான் காதுல வாங்கலை. கதவை இறுக்கி மூடி, உள்ள வத்தல் வடகத்தை எல்லாம் வச்சு, மேல ரெண்டு சாக்கையும் அடுக்கி வச்சேன். ஒண்ணரை வருசம் ஒரு குறையும் இல்லாம கெடந்துச்சு. எலி இருந்துச்சுதான், இல்லைங்கலை. எலி எந்த வீட்டுல இல்ல? வத்தலைத் திங்க வந்தது வத்தலைத் தின்னுட்டுப் போயிருக்கும். இரும்பையா திங்கும்?

பிள்ளைக்கு மூணாம் மாசம் அவளைக் கூட்டிட்டு வந்தோம். அந்த வாரமே என் ஃபிரிட்ஜ் மூச்சை விட்டுருச்சு. பதினேழு வருசம் உழைச்சது பாவம். வேற வழியில்லாம இதை வெளிய இழுத்தோம். உள்ள அழுகுன நாத்தம். அவளையே புளித்தண்ணி வச்சுத் தேய்க்கச் சொன்னேன், அவுக வீட்டுச் சாமான்தான. தேய்ச்சுட்டு, "ஒரு நாள் நிக்க வச்சிட்டு, மெக்கானிக்கை வரச் சொல்லி ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் போடலாம் அத்தை"ங்கிறா. எதுக்கு? வெளியூர்ல இருந்து நடந்து வந்த களைப்பா அதுக்கு? அன்னைக்கே நிமித்தி அன்னைக்கே போட்டேன். கூலா ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் கூலாத்தான் இருக்கு. தண்ணி பாட்டிலைத் தொட்டுப் பாருங்க.

பிளக்கா? அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே கேட்டுட்டீங்க. அந்த மூலையில ரெண்டு ஓட்டைப் பாயிண்டுதான் இருக்கு. இதுல வந்தது மூணு கால் பிளக். நுழையலை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ செட்டுக் கட்டுற சுடலைமணி இருக்கான்ல, அவனைக் கூப்பிட்டேன். கம்பியைப் பிரிச்சான், மூணு கம்பி இருந்துச்சு. "இந்தப் பச்சைக் கம்பியில கரண்டு வராதும்மா, சும்மா இருக்கும்"னான். கரண்டே வராத கம்பிக்கு இங்க என்ன வேலை? வெட்டுடான்னேன். வெட்டி, ரெண்டு கால் பிளக் மாட்டிக் குடுத்துட்டான். அஞ்சு நிமிச வேலை. அதைப் பாத்ததும் இவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. "அத்தை, அந்தக் கம்பிதான் முக்கியம், அதை வெட்டக் கூடாது"ன்னு. வேலை செய்யாத கம்பி முக்கியமாம். இதைத்தான் காலேஜ்ல மூணு வருசம் படிச்சிருக்கா.

ஏன் தம்பி தலையைச் சொறியுறீங்க? பேன் எதுவும் இருக்கா? சரி, கேளுங்க.

ஒரு வாரம் ஆச்சு. பால் எடுக்கப் போனவ கையை உதறிக்கிட்டு வர்றா. "சுர்ருன்னு அடிக்குது அத்தை." நான் எந்திரிச்சுப் போய் அவ கண்ணு முன்னால கைப்பிடியைப் பிடிச்சேன். பிடிச்சபடியே நின்னேன். ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் தொட்டேன், அந்தப் பக்கம் தொட்டேன், மேல தொட்டேன். ஒண்ணுமே இல்ல தம்பி. "இப்பச் சொல்லு"ன்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அதே பாட்டு. மறுபடியும் நான் போய்ப் பிடிச்சேன். ஒண்ணும் இல்ல. இப்படி எட்டு மாசத்துல ஒரு நாப்பது தடவை பிடிச்சுக் காட்டியிருப்பேன். ஜெகனும் தொட்டுப் பாத்தான். அவன் அடுப்படிக்குள்ள வர மாட்டான், இந்தா இந்த ரப்பர் மிதியடியில நின்னுக்கிட்டே எட்டித் தொட்டான். அவனுக்கும் ஒண்ணும் இல்ல. ஒரே வீடு, ஒரே ஃபிரிட்ஜ், ஒரே கரண்டு. ஆத்தாவை அடிக்காது, மகனை அடிக்காது, மருமகளைத் தேடிப் பிடிச்சு அடிக்குமா? அது என்ன, ஆள் பாத்தா அடிக்குது?

அவ ஒரு கணக்கு வச்சிருந்தா. தரையைத் துடைச்ச அன்னைக்குத்தான் ஜாஸ்தியா அடிக்குதாம். எனக்குப் புரிஞ்சு போச்சு. தரையைத் துடைக்கிற வேலையை என் தலையில கட்டுறதுக்கு இது ஒரு வழி. "நீ எங்க சுத்தி எங்க வர்றேன்னு எனக்குத் தெரியும்டி"ன்னேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு நாள் மாவு பொங்கி வழிஞ்சு புளிச்சுக் கெடக்கு. ஏன்டி உள்ள வைக்கலைன்னா, கை ஈரமா இருந்துச்சு, தொடப் பயமா இருந்துச்சுங்கிறா. அன்னைக்கு ரெண்டு படி மாவைக் கொட்டுனேன் தம்பி, வயிறு எரிஞ்சு போச்சு.

அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா? கைப்பிடியில துணியைச் சுத்தித் தொறக்க ஆரம்பிச்சா. எதிர்வீட்டு ஜெபராணி தயிர் வாங்க வந்தவ பாத்துட்டா. "என்ன மதினி, உங்க மருமக ஃபிரிட்ஜைத் தீச்சட்டி மாதிரி துணி போட்டுப் பிடிக்குறா"ன்னு கேட்டுட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்கே தெரு பூராம் தெரிஞ்சு போச்சு, ராஜகனி வீட்டுல மருமகளுக்கு கரண்டு வச்சுக் கொல்லப் பாக்குறாங்கன்னு. என்னை இந்தத் தெருவுல ஒருத்தர் ஒரு சொல்லுச் சொன்னது கிடையாது. முப்பத்தஞ்சு வருசம். துணியை உருவி அடுப்புல போட்டேன்.

அதோட விட்டாளா? எனக்குத் தெரியாம ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டு வரச் சொல்லியிருக்கா. வந்து நிக்கிறான் வாசல்ல, டூல் பெட்டியோட. ஆம்பளை இல்லாத நேரம். பெரியவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? எங்க வீட்டுல எதுவும் ரிப்பேர் இல்லைன்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். அது நீங்க இல்லையே? உங்க கடைப் பையனா? சரி, விடுங்க. அன்னைக்கு அவனை உள்ள விட்டிருந்தா இன்னைக்கு உங்களைக் கூப்பிட வேண்டி வந்திருக்காதுங்கிறீங்களா? நீங்க ஒண்ணு. அவ கூப்பிட்டு வந்த ஆள் அவளுக்குத்தான சொல்லுவான்.

அப்புறம்தான் உச்சம். ஒரு நாள் காலையில அடுப்படிக்குள்ள சட்டு சட்டுன்னு சத்தம். எட்டிப் பாக்குறேன், கால்ல செருப்பு. அடுப்புக்கு முன்னால, அரிசி களையுற எடத்துல, செருப்போட நிக்குறா. புதுசுதான், கடையில இருந்து நேரா கொண்டு வந்ததாம், இருக்கட்டும். அடுப்புன்னா சாமி இல்லையா? "கழட்டுடி"ன்னேன். "இது போட்டா எனக்கு அடிக்கலை அத்தை"ங்கிறா. "நீங்க போட்டிருக்கீங்கல்ல, அதனாலதான் உங்களுக்குத் தெரியலை"ங்கிறா. பாத்தீங்களா, எப்படிக் கொண்டு வந்து எங்க முடிக்குறான்னு. என் கால் வலியை எனக்கே குத்திக் காட்டுறா. மாமியா உடைச்சா மண்குடம்னு ஒரு பழமொழி சொல்லுவாங்க, அது எனக்கும் தெரியும். இது அந்தக் கதை இல்ல. எனக்கு டாக்டர் சீட்டு இருக்கு. அவகிட்ட என்ன இருக்கு? ரெண்டு செருப்பையும் எடுத்துத் தெருவுல வீசுனேன். வெறுங்காலோட நின்னுதான் அன்னைக்குச் சமைச்சா. அழுதுக்கிட்டே சமைச்சா. அழட்டுமே, ஒரு வீட்டுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல.

மறுநாள் பிள்ளை தவழ்ந்து வந்தான். இந்தா, இந்த வாசப்படியைத் தாண்டி, தத்தித் தத்தி. நான் காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன். நேரா போய் ஃபிரிட்ஜ் கதவோரத்தைப் பிடிச்சான். பிடிச்சு எந்திரிச்சு நின்னுட்டான் தம்பி. அதுவரைக்கும் நின்னதில்ல. அவ ஆத்தா பாக்கலை, அப்பன் பாக்கலை, நான்தான் பாத்தேன். கைதட்டிச் சிரிச்சேன். அடுத்த நிமிசம் மல்லாக்க விழுந்தான், அப்புறம் வீல்னு கத்துனான். தரை ஈரம், வழுக்கிருச்சு. பிள்ளைன்னா விழாமயா நடை பழகும்? இவ பேய் மாதிரி ஓடி வந்து தூக்குனா. பிள்ளை உள்ளங்கையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறா. என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்குத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலை. அப்புறம் பிள்ளை அந்த ஃபிரிட்ஜ் பக்கமே போகலை. நான் தூக்கிட்டுப் போனாலும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுகுறான். பச்சைப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தாளோ. அதுக்கு அடுத்த நாள் பஸ் ஏறிட்டா. போறப்ப ஒரே ஒரு வார்த்தை, "இதைச் சரி பண்ணாம என் பிள்ளை இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டான்."

அவ்வளவுதான் கதை. இப்ப எழுதுங்க.

பாக்காம எழுத மாட்டீங்களா? சரி, பாருங்க. உங்க திருப்திக்குப் பாருங்க.

பலகை எதுக்கு? உக்காரவா? நிக்கவா? நல்ல கூத்தா இருக்கே, ஃபிரிட்ஜ் பாக்க வந்தவருக்கு மணப்பலகை கேக்குது. இந்தாங்க, சாமி முன்னால போடுறது, மிதிக்காதீங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், சரி, ஏறுங்க. அது என்ன, டெஸ்டரா? வச்சுப் பாருங்க.

எரியுதா? எங்க? ஆமா, லேசா எரியுது. டெஸ்டர்னா எரியத்தான செய்யும், அதுக்குத்தான பல்பு வச்சிருக்கு. சுடலைமணி வச்சிருக்குறதும் எரியும். பின்னால எதுக்குக் குனியுறீங்க? எலியா? கம்பியைக் கடிச்சிருக்கா? இருட்டுக்குள்ள எப்படித் தெரியுது உங்களுக்கு? கீழ இருக்குற மோட்டார்ல ஒரு கம்பியோட தோல் உரிஞ்சு, அந்தக் கரண்டு இந்தத் தகரம் பூராம் நிக்குதா? அந்தப் பச்சைக் கம்பி இருந்தா அது பூமிக்குப் போயிருக்குமா, அது இல்லாததால தொடுற ஆள் வழியாப் போகுதா? வெறுங்கால்ல நிக்குற ஆள் வழியா.

தம்பி, ஒண்ணு கேக்குறேன். உங்களைச் சாத்தூர்ல இருந்து யாரும் பாத்தாங்களா? அவ அப்பா எதுவும் போன் பண்ணுனாரா? இல்ல, அவ சொன்னதை அப்படியே எழுத்து மாறாமச் சொல்றீங்களே, அதான் கேட்டேன். எல்லாரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டீங்க. நாப்பது தடவை நான் பிடிச்சிருக்கேன். இந்தக் கையால. என் செருப்பாலதான் எனக்கு அடிக்கலையாக்கும்? மெயினை அணைக்கப் போறீங்களா? எங்க, வாசல் பக்கமா? போங்க, போயி அணைங்க. அணைச்சிட்டு வந்து, பாருங்க இப்ப அடிக்கலை, நான் சரி பண்ணிட்டேன்னு சொல்றதுக்கா? உங்க வித்தையெல்லாம் எங்கிட்ட வேணாம். நில்லுங்க. அங்கயே நின்னு பாருங்க. இந்தா, கழட்டிட்டேன். ரெண்டையும் கழட்டிட்டேன். பாத்துக்கோங்க.

ஆத்தாடி.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல, என்னைத் தூக்க வேணாம். உக்காந்துக்கிடுறேன். மெயினை அணைச்சிட்டு வாங்க. போங்க.

அணைச்சாச்சா? தண்ணி வேணாம். நெஞ்சு வரைக்கும் வந்துச்சு தம்பி. தோள் இன்னும் நடுங்குது, பாருங்க. கை ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

விழுந்தான்னுதான் நெனச்சேன். சாமி சத்தியமா, வழுக்கி விழுந்தான்னுதான் நெனச்சேன். கைதட்டுனேனே தம்பி. அது பிடிச்சு நிக்கையில நான் இங்க உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கை எத்தனை பெருசு இருக்கும், ஒரு அகப்பைக் காம்பைச் சுத்திப் பிடிக்கக் காணாது. அழுகுறதுக்குக்கூட அதுக்கு மூச்சு வரலை அன்னைக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சத்தமே வந்துச்சு. அதையும் நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் காயை நறுக்குனேன்.

சரி பண்ண முடியுமா இதை? இன்னைக்கேவா? கம்பியை மாத்தி, மூணு கால் பிளக் போட்டு, பாயிண்டையும் மாத்தி. மாத்துங்க. எல்லாத்தையும் மாத்துங்க, எத்தனை மணி நேரமானாலும் இருந்து மாத்திக் குடுத்துட்டுப் போங்க. பிள்ளை தொடுற எடம் பூராம் டெஸ்டர் வச்சுப் பாத்துருங்க. கீழ, அடியில, அந்த ஓரத்துல. அங்கதான் பிடிப்பான்.

அப்புறம் அந்தத் தாள். இல்ல தம்பி, வேணும். இப்பத்தான் ரொம்ப வேணும். நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? நீங்க சரி பண்ணுன பிறகு ஃபிரிட்ஜ் நல்லாத்தான இருக்கும், ஷாக் அடிக்காதுல்ல? அதைத்தான எழுதச் சொல்றேன். ஒரு எழுத்துகூட பொய் இல்ல. சரி பண்ணுனேங்கிறதை மட்டும் எழுத வேணாம். தேதியை மட்டும் போன மாசம் ஒண்ணாந்தேதியாப் போட்டுருங்க, அவ போறதுக்கு முன்னால.

அப்படிப் பாக்காதீங்க. அவளும் அன்னைக்கு இப்படித்தான் பாத்தா. பிள்ளை வந்து தொடட்டும், ஒண்ணும் ஆகாது, அது போதும்ல? நாலு பெரியவங்களுக்கு நடுவுல, என் மகன் முன்னால, ஆமா அவ சொன்னது சரி, நான்தான் பச்சைக் கம்பியை வெட்டச் சொன்னேன், அவ செருப்பைத் தெருவுல வீசுனேன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? என்னால ஆகாது தம்பி. எனக்கு இந்த வயசுல அது வராது.

என்ன, பேனாவை மூடி வச்சிட்டீங்க?

சரி. அப்புறமாப் பேசிக்கிடுவோம். நீங்க போய் சாமானை எடுத்துட்டு வாங்க. போறப்ப அந்தச் செருப்பை மட்டும் இப்படித் தள்ளி விட்டுட்டுப் போங்க. கரண்டு இல்லைன்னு தெரியுது. இருந்தாலும் தரையில கால் வைக்கப் பயமா இருக்கு.